கொலஸ்ட்ராலும் காய்ச்சல் கிருமியும்

கொலஸ்ட்ரால் என்னும் சொல் காதில் விழுந்ததும் நம்மவர்க்கு நினைவில் எழுவது மாரடைப்பு ஒன்றேயாகும். விருந்தில் முட்டையை ஒதுக்கி வைப்பவரும், ஆட்டிறைச்சிக் குழம்பின்மேல் மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் விலக்கி ஊற்றிக்கொள்பவரும் இச்சொல்லுக்கு அஞ்சியே அவ்வாறு செய்கின்றனர். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இதே கொலஸ்ட்ராலுக்கும், சளி, இருமல், காய்ச்சல் என்று ஆண்டுதோறும் நம் இல்லங்களுக்கு வந்து போகும் சுவாச நோய்க் கிருமிகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதைப் பலர் அறியார். 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று உலகை உலுக்கிய பின்னரே இத்தொடர்பு ஆய்வுக்கூடங்களின் சுவர்களைத் தாண்டி வெளியே பேசப்படலாயிற்று.

பேசப்பட்டது சரி, ஆனால் அரைகுறையாகப் பேசப்பட்டது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை உட்கொண்டால் வைரஸ் அண்டாது என்று கருதுவோர் ஒரு சாரார். காய்ச்சல் கண்டவுடன் அம்மாத்திரையை நிறுத்திவிட வேண்டும், உடலுக்கு அது பாரம் என்று கருதுவோர் மற்றொரு சாரார். முதற் கருத்து ஏமாற்றத்தில் முடியும். இரண்டாவது சில வேளைகளில் உயிருக்கே உலை வைக்கும். இரண்டும் ஏன் தவறு என்பதை விளங்கிக்கொள்ள, கொலஸ்ட்ரால் என்பது யாது, அது நம் உடலில் எங்கே தங்கி என்ன பணி செய்கிறது என்பதை முதலில் அறிதல் நலம்.

பித்தக் கல்லில் கிடைத்த பொருள்

1769ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சு நாட்டு மருத்துவ அறிஞர் புல்த்தியே தெ லா சால் என்பார், மனிதரின் பித்தப்பையில் உண்டாகும் கற்களிலிருந்து மெழுகு போன்ற ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். 1815இல் அதே நாட்டு இரசாயன அறிஞர் ஷெவ்ரூல் அதற்குப் பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் 'கொலே' என்றால் பித்தம். 'ஸ்டெரியோஸ்' என்றால் கெட்டியானது. ஆக, 'கெட்டிப் பித்தம்' என்பதே கொலஸ்ட்ரால் என்னும் பெயரின் பொருள். கல்லில் கிடைத்ததால் கல்லின் பெயரைப் பெற்றுவிட்டது, பாவம்! உண்மையில் அது நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் இருப்பது. அதுவின்றி மனித உயிர் ஒரு நாளும் நிலைத்திராது.

உணவைச் செரிக்கும் பித்தநீர் கொலஸ்ட்ராலிலிருந்து உண்டாகிறது. வெயில் படும்போது தோலில் வைட்டமின் 'டி' உருவாவதும் கொலஸ்ட்ராலுக்கு உடன்பிறப்பு போன்ற ஒரு பொருளிலிருந்துதான். ஆண்மை, பெண்மைச் சுரப்புகளும், உடல் அதிர்ச்சியைத் தாங்க உதவும் கார்ட்டிசால் என்னும் சுரப்பும் அதிலிருந்தே பிறக்கின்றன. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளையில், உடலின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அடங்கியிருக்கிறது.

இதில் நாம் உண்ணும் உணவிலிருந்து வருவது சிறு பகுதியே. பெரும்பகுதியை ஈரலும் பிற உறுப்புகளும் தாமே தயாரிக்கின்றன. ஆகையால்தான் தவக்காலத்தில் நாற்பது நாளும் முட்டையும் இறைச்சியும் தவிர்த்தவருடைய இரத்தத்திலும் கொலஸ்ட்ரால் மறைந்துவிடுவதில்லை. இங்கே எண்ணெய் விற்போரைப் பற்றியும் ஒரு சொல் கூறத் தோன்றுகிறது. 'கொலஸ்ட்ரால் அற்றது' என்று கடலை எண்ணெய்ப் பொட்டலத்தின்மீது பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் இருப்பதில்லை என்றே சொல்லலாம். இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்வதற்கு விளம்பரம் எதற்கு? தேங்காயெண்ணெயிலுந்தான் அது இல்லை. ஆயினும் தேங்காயெண்ணெயில் மிகுதியாக உள்ள ஒருவகைக் கொழுப்பு, நம் இரத்தத்தில் கொலஸ்ட்ராலின் அளவை உயர்த்த வல்லது.

உடல் எவ்வாறு கொலஸ்ட்ராலைத் தயாரிக்கிறது என்பதைக் கண்டறிந்தமைக்காக 1964இல் கான்ராட் பிளாக், ஃபியோடர் லினன் ஆகிய இருவரும் நோபல் பரிசு பெற்றனர். இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலை உயிரணுக்கள் எவ்வாறு பற்றி உள்ளே இழுத்துக்கொள்கின்றன என்பதைக் கண்டறிந்தமைக்காக 1985இல் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவருக்கு அப்பரிசு கிட்டியது. கொழுப்பு நீரில் கரையாது அன்றோ! ஆகவே இரத்தத்தில் அது புரதத்தால் சூழப்பட்ட சிறு உருண்டைகளாகவே பயணம் செய்கிறது. எல்.டி.எல். என்னும் உருண்டைகள் அதனை உடலெங்கும் கொண்டு செல்கின்றன, எச்.டி.எல். என்பவை மிஞ்சியதைத் திரட்டி ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுவருகின்றன. முன்னதைக் கெட்ட கொழுப்பு என்றும் பின்னதை நல்ல கொழுப்பு என்றும் மக்கள் வழங்குகின்றனர். உருண்டை எதுவாயினும் உள்ளிருக்கும் கொலஸ்ட்ரால் ஒன்றுதான்.

உயிரணுவின் மதிற்சுவரிலே

இனி நம் பொருளுக்கு வருவோம். ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று மதில்போல் அமைந்துள்ளது. அது கல்லாலோ சுண்ணாம்பாலோ ஆனதன்று. இரண்டு அடுக்குக் கொழுப்பாலானது. வெளிச் சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலஸ்ட்ராலே. அது அச்சவ்வை உருகிவிடாமலும் உறைந்துவிடாமலும் காக்கிறது. பிசைந்த மாவின் பதத்தில் வைத்திருக்கிறது என்று நம் தாய்மார்களுக்குப் புரியும்படிச் சொல்லலாம்.

இச்சவ்வின் பரப்பு எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. ஆங்காங்கே கொலஸ்ட்ரால் செறிந்த சிறு திட்டுகள், நீர்மேல் தெப்பம் மிதப்பதுபோல், அச்சவ்வில் மிதக்கின்றன என்று காய் சைமன்ஸ், எலினா இகோனன் ஆகிய அறிஞர்கள் 1997இல் எடுத்துக்காட்டினர். தெப்பம் என்ற பெயரையே ஆங்கிலத்திலும் அவற்றிற்கு இட்டனர். உயிரணுவுக்கு வெளியிலிருந்து வரும் செய்திகளைப் பெறும் புரதங்கள் பல அத்தெப்பங்களில் கூடுகின்றன. சந்தை கூடும் இடத்தைத் திருடனும் அறிவான் என்பார்கள். வைரஸ்களும் அவ்விடத்தை அறிந்தே வருகின்றன.

இன்ஃபுளுவென்சா என்னும் சளிக்காய்ச்சல் வைரஸை எடுத்துக்கொள்வோம். 1918ஆம் ஆண்டில் உலகெங்கும் கோடிக்கணக்கானோரை மாய்த்தது இவ்வினத்தைச் சேர்ந்ததே. அன்றைய இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மடிந்தனர். ஆனால் மனிதரிடமிருந்து இக்கிருமி முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்டது 1933இல், இலண்டன் மாநகரில். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறின் அளவே இருக்கும் இச்சிற்றுயிர் (உயிர் என்பது பொருந்துமா என்பதே ஒரு வழக்கு), தனக்கென ஒரு கொழுப்புப் போர்வையைப் போர்த்தியிருக்கிறது. அப்போர்வையை அது நெய்வதில்லை, திருடிக்கொள்கிறது. உயிரணுவுக்குள் பெருகிய பின்பு வெளியேறும் தறுவாயில், கொலஸ்ட்ரால் செறிந்த அத்தெப்பங்களிலேயே அதன் புரதங்கள் திரள்கின்றன. அவ்விடத்தில் சவ்வு மொட்டுப்போல் வெளியே பிதுங்கி, காம்பு அறுந்து, புதிய வைரஸ் பிறக்கிறது. போர்வை முழுதும் நம்முடைய கொழுப்பு. அதில் கொலஸ்ட்ரால் மிகுதி.

அடுத்த உயிரணுவுள் நுழையும்போதும் இக்கொலஸ்ட்ராலே அதற்குக் கைகொடுக்கிறது. வைரஸின் போர்வையும் உயிரணுவின் சவ்வும் ஒன்றோடொன்று இணைந்து உருகினாலன்றி உள்ளிருக்கும் சரக்கை அது இறக்க இயலாது. வைரஸின் போர்வையிலிருந்து கொலஸ்ட்ராலை மட்டும் ஒரு சர்க்கரைப் பொருளால் உறிஞ்சி எடுத்துவிட்டால் அதன் தொற்றும் வன்மை வெகுவாகக் குன்றிவிடுகிறது என்பதை 2003இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் காட்டினர். சோப்பால் கை கழுவுங்கள் என்று மருத்துவர் வற்புறுத்துவதன் பொருளும் இதுவே. சோப்பு கொழுப்பைக் கரைப்பது. போர்வை கரைந்தபின் கிருமி பிழைப்பதில்லை. எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தைத் துலக்குவதும் வைரஸை அழிப்பதும் ஒரே இரசாயனமே.

கொரோனா வைரஸும் போர்வை உடையது. இது தன் போர்வையை உயிரணுவின் வெளிமதிலிலிருந்து எடுக்காமல் உட்புறச் சவ்வுகளிலிருந்து எடுக்கிறது. எனினும் நுழையும் வேளையில் வெளிமதிலின் கொலஸ்ட்ரால் அதற்கு வேண்டும். இந்நோயால் இறந்தோரின் நுரையீரலில், பல உயிரணுக்கள் ஒன்றோடொன்று கலந்து பெரும் பிண்டங்களாகக் கிடந்ததை மருத்துவர்கள் கண்டனர். அவ்வாறு கலப்பதற்குச் சவ்வில் கொலஸ்ட்ரால் இன்றியமையாதது என்று 2021இல் வெளியான ஆய்வு ஒன்று தெரிவித்தது.

போர்வை இல்லாத வைரஸ்களும் உண்டு. சாதாரண ஜலதோஷத்தைத் தரும் ரைனோ வைரஸ் அத்தகையது. போர்வையே இல்லாததற்குக் கொலஸ்ட்ரால் எதற்கு என்று கேட்கலாம். அது உயிரணுவுக்குள் புகுந்ததும் தன்னைப் பெருக்கிக்கொள்ள ஒரு பட்டறை அமைக்கிறது. அப்பட்டறையின் சுவருக்கு வேண்டிய கொலஸ்ட்ராலை உயிரணுவின் பிற இடங்களிலிருந்து இழுத்துக்கொள்கிறது என்பது 2014இல் தெரியவந்தது. ஆக, நுழைவாயிலிலோ, பட்டறையிலோ, வெளியேறும் வழியிலோ, ஏதேனும் ஓரிடத்தில் இக்கிருமிகளுக்கு நம் கொலஸ்ட்ராலின் தயவு வேண்டியிருக்கிறது.

உடல் தரும் மறுமொழி

திருடன் எவ்வழியே வருகிறான் என்பதை வீட்டுக்காரனும் அறிந்தே இருக்கிறான். 1957இல் இலண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்னும் இருவர் இன்டர்ஃபெரான் என்ற பொருளைக் கண்டறிந்தனர். வைரஸ் தாக்கிய உயிரணு, தன் அண்டை அயலாரை எச்சரிக்கும்பொருட்டு வெளியிடும் அபாய அறிவிப்பு அது. அவ்வறிவிப்பைப் பெற்ற உயிரணுக்கள் என்னென்ன செய்கின்றன என்பது நெடுங்காலம் ஒவ்வொன்றாகவே தெரியவந்தது. அவற்றுள் வியப்புக்குரிய ஒன்று நம் பொருளைச் சார்ந்தது.

அறிவிப்புக் கிடைத்ததும் உயிரணு கொலஸ்ட்ராலைச் சற்றே மாற்றி, அதனோடு ஓர் ஆக்ஸிஜன் அணுவைச் சேர்த்து, 25-ஹைட்ராக்ஸி கொலஸ்ட்ரால் என்னும் பொருளைச் செய்கிறது. இப்பொருள் பலவகை வைரஸ்கள் சவ்வோடு இணைவதைத் தடுக்கிறது என்பது 2013இல் வெளியாயிற்று. 2020இல் கொரோனா வைரஸை வைத்துச் சோதித்தபோது அதன் வழிமுறை மேலும் தெளிவாயிற்று. வெளிமதிலில் எளிதாய்க் கைக்கெட்டும் கொலஸ்ட்ராலை இப்பொருள் உள்ளே அகற்றிவிடுகிறது. வைரஸ் வந்து தட்டும்போது கதவின் கீல் இருந்த இடத்தில் கீல் இல்லை. அத்துடன், புதிதாகக் கொலஸ்ட்ரால் தயாரிப்பதையும் உயிரணு குறைத்துக்கொள்கிறது. உயிரணு அளவில் நிகழும் இத்தற்காப்பைப் பார்த்துத்தான், கொலஸ்ட்ராலைக் குறைத்தால் நோயைத் தடுக்கலாமே என்ற எண்ணம் ஆய்வாளர்க்கும் எழுந்தது.

பரிசோதனைச் சீட்டில் உள்ள எண்

இங்கேதான் நாம் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் 180 என்றும் 240 என்றும் அச்சாகி வருவது இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் உருண்டைகளின் கணக்கு. வைரஸ் தேடி வருவதோ மூச்சுக்குழலிலும் நுரையீரலிலும் உள்ள உயிரணுக்களின் சவ்வில் பதிந்துள்ள கொலஸ்ட்ராலை. ஓடுவது வேறு, பதிந்திருப்பது வேறு. ஆற்றில் நீர் எவ்வளவு ஓடுகிறது என்பதைக் கொண்டு கிணற்று நீரின் மட்டத்தைச் சொல்லிவிட முடியாது. உயிரணு ஒவ்வொன்றும் தன் சவ்வுக்கு வேண்டிய அளவைத் தானே அளந்து வைத்துக்கொள்கிறது; குறைந்தால் தானே தயாரிக்கிறது, மிகுந்தால் தயாரிப்பை நிறுத்துகிறது. இரத்தத்தில் எண் இறங்கியதால் மதிற்சுவர் வெறுமையாகிவிடும் என்று எண்ணுவது பிழை.

இரத்தத்தின் எண்ணோ, நோய்க்காலத்தில் வேறொரு விதமாக நடந்துகொள்கிறது. 2020இல் சீனத்தின் மருத்துவமனைகளிலிருந்து வந்த அறிக்கைகளைப் படித்தோர் ஒரு முரணைக் கண்டனர். கொரோனாவால் கடுமையாகத் தாக்குண்டவர்களின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுந்திருக்கவில்லை, குறைந்திருந்தது. நோய் முற்ற முற்றக் குறைந்தது; குணமடைந்தோர்க்கு மீண்டும் ஏறியது. கெட்ட கொழுப்பு, நல்ல கொழுப்பு இரண்டும் சரிந்தன. இது கொரோனாவுக்கு மட்டும் உரியதன்று; கடுமையான தொற்று எதிலும் இவ்வாறு நிகழக்கூடும். வீக்கமும் அழற்சியும் மிகும்போது ஈரலின் வேலைமுறை மாறுகிறது. உருண்டைகள் இரத்தத்திலிருந்து விரைந்து எடுத்துக்கொள்ளப்படுகின்றன. எனவே அக்குறைவு நோயின் விளைவு, நோய்க்குக் காரணமன்று. "காய்ச்சலில் படுத்தேன், கொலஸ்ட்ரால் சரியாகிவிட்டது" என்று மகிழ்பவர் அறிய வேண்டியது இது.

நோய் வருமுன்னரே எடுத்த கணக்கு வேறு. பிரிட்டனில் 2006 முதல் 2010 வரை 40 முதல் 69 வயதுக்குட்பட்ட ஐந்து இலட்சம் பேரிடம் இரத்தம் பெற்றுச் சேமித்து வைத்தனர். பத்தாண்டுக்குப் பின் கொரோனா வந்தபோது அக்கணக்கைப் புரட்டிப் பார்த்ததில், நல்ல கொழுப்பு குறைந்திருந்தோரே மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோயுற்றது மிகுதி என்று தெரிந்தது. டென்மார்க்கில் 2018இல் வெளியான ஆய்வொன்று, நல்ல கொழுப்பு மிகக் குறைந்தோரும் மிக உயர்ந்தோரும் ஆகிய இரு திறத்தாருமே தொற்றுநோய்களுக்கு எளிதில் ஆளாகின்றனர் என்று கூறியிருந்தது. நல்ல கொழுப்பு குறைவுக்குப் புகைபிடித்தலும், தொந்தியும், நீரிழிவும், உழைப்பின்மையும் கூட்டாளிகள். ஆகையால் குற்றம் கொழுப்பினுடையதா, கூட்டாளிகளுடையதா என்று பிரித்தறிவது கடினம். ஆயினும் இச்செய்தி நமக்கு அயலார் செய்தியன்று. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு இந்தியப் பகுதிகளில் மேற்கொண்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்கப்பட்டோரில் 72.3 விழுக்காட்டினர்க்கு நல்ல கொழுப்பு குறைந்திருந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்திருந்தோர் 13.9 விழுக்காட்டினரே. நாம் பெரிதும் அஞ்சுவது ஒன்று, நம்மிடம் பரவலாக இருப்பது மற்றொன்று!

மாத்திரையின் கதை

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளின் மூலம் ஜப்பானில் உள்ளது. அக்கிரா எண்டோ என்னும் அறிஞர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளை ஆராய்ந்து, அரிசியில் படிந்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சை ஒன்றிலிருந்து 1973இல் முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். 1987இல் அமெரிக்காவில் இவ்வகை மருந்தொன்று முதன்முதல் விற்பனைக்கு வந்தது. இன்று நம் பங்குகளில் ஐம்பது வயதைக் கடந்தோர் பலரின் மாத்திரைப் பெட்டியில் அட்டோர்வாஸ்டாட்டின் அல்லது ரொசுவாஸ்டாட்டின் இருப்பதைக் காணலாம்.

2020இல் சீனத்தின் ஹூபே மாநிலத்தில் 13,981 கொரோனா நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்தனர். ஒத்த நிலையில் உள்ளோரை ஒப்பிட்டபோது, ஸ்டாட்டின் உட்கொண்டோரில் 5.2 விழுக்காட்டினரும், உட்கொள்ளாதோரில் 9.4 விழுக்காட்டினரும் இருபத்தெட்டு நாளுள் இறந்திருந்தனர். இச்செய்தி உலகெங்கும் பரவிற்று. ஆனால் பதிவேட்டுக் கணக்கில் ஒரு வலை உண்டு. ஒழுங்காக மாத்திரை உட்கொள்பவர் பெரும்பாலும் ஒழுங்காக மருத்துவரைக் காண்பவர். அவரைக் காத்தது மாத்திரையா, அவரது ஒழுங்கா?

இதனைத் தீர்க்க ஒரே வழி, நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மருந்தும் மற்றவர்க்கு மருந்தின்றியோ வெற்று மாத்திரையோ தருவதாகும். ஈரான் நாட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த 587 பேரிடம் இவ்வாறு அட்டோர்வாஸ்டாட்டினைச் சோதித்து, 2022இல் முடிவை வெளியிட்டனர். இறப்பு, இரத்தக்கட்டி முதலிய கேடுகள் மருந்து பெற்றோரில் 33 விழுக்காட்டினர்க்கும் பெறாதோரில் 36 விழுக்காட்டினர்க்கும் நேர்ந்தன. நன்மை உண்டென்று சொல்ல அவ்வேறுபாடு போதாது. 2023இல் பல நாடுகளின் மருத்துவமனைகளில் 2,684 பேரிடம் சிம்வாஸ்டாட்டினைச் சோதித்ததன் முடிவு வந்தது. நன்மை இருக்கலாம் என்பதற்கு 95.9 விழுக்காடு வாய்ப்பு என்று கணக்கிட்டனர். ஆனால் உறுதி கூற அவர்கள் முன்னரே வரைந்துகொண்ட எல்லை 99. நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்து போனதால் சோதனையும் இடையில் நிறுத்தப்பட்டது. இவ்வளவே நம் கையில் உள்ள சான்று. தொற்று வராமல் தடுக்க இம்மாத்திரையை உட்கொள் என்று யாருக்கும் சொல்ல இது இடந்தராது.

கொலஸ்ட்ராலின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மருந்து அப்பெருந்தொற்றில் உயிர் காத்தது என்பதை இங்கே குறிப்பிடாமல் செல்ல இயலவில்லை. டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான ஸ்டீராய்டு மருந்தின் உடற்கூடு, கொலஸ்ட்ராலின் நான்கு வளையங்களைக் கொண்டதே. சுவாசக் கருவி பொருத்தப்பட்டோரில் 41 விழுக்காடாக இருந்த இறப்பை அது 29 விழுக்காடாகக் குறைத்தது என்று 2020 ஜூன் மாதம் பிரிட்டன் அறிவித்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாத எளிய நோயாளிகளுக்கு அதனால் பயன் காணப்படவில்லை. பெட்டிக்கடை மருந்துபோல் இதனை முதல் நாளே விழுங்கியவர்கள் நலத்தைவிடத் தீங்கையே தேடிக்கொண்டனர்.

காய்ச்சலுக்குப் பின் வரும் மாரடைப்பு

மாத்திரையை நிறுத்துவோர் அறிய வேண்டியது இனி வருவது. பல்லாண்டுகளாக இதயத்தின் இரத்தக் குழாய்ச் சுவரில் கொலஸ்ட்ரால் படிந்து திட்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய மூடி ஒன்று அத்திட்டை மறைத்திருக்கிறது. வைரஸ் காய்ச்சல் வரும்போது உடலெங்கும் அழற்சி மூள்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. இரத்தம் உறையும் தன்மை மிகுகிறது. நுரையீரல் தளர்ந்தால் ஆக்ஸிஜனும் குறைகிறது. அவ்வேளையில் மூடி கிழிந்தால், அவ்விடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்த ஆய்வு 2018இல் வெளியாயிற்று. இன்ஃபுளுவென்சா என்று பரிசோதனையில் உறுதியான ஒருவர்க்கு, அடுத்த ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு என்று அது கணக்கிட்டது. 2023இல் நியூயார்க் ஆய்வாளர்கள், கொரோனாவால் இறந்த எட்டுப் பேரின் இதயக் குழாய்களை ஆராய்ந்தனர். கொலஸ்ட்ராலை விழுங்கி நுரைபோல் பருத்திருந்த அணுக்களுக்குள்ளேயே வைரஸ் குடியிருந்ததைக் கண்டனர். கொலஸ்ட்ராலும் சுவாசக் கிருமியும் நேருக்குநேர் கைகோக்கும் இடம் அதுவே.

ஸ்டாட்டின் மாத்திரை அத்திட்டுகளின் மூடியை வலுப்படுத்தி அழற்சியைத் தணிப்பது. காவல் மிகவும் வேண்டப்படும் அந்த வாரத்திலேயே, "காய்ச்சல் மாத்திரையே போதும், மற்றவை எதற்கு?" என்று காவற்காரனை வீட்டுக்கு அனுப்புவது எவ்வளவு பேதைமை! அதிலும் முன்பே மாரடைப்புக் கண்டவரும், இரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவரும் தாமாக எம்மருந்தையும் நிறுத்தலாகாது. வீட்டில் முதியோர் இருமலோடு படுத்திருக்கையில் நெஞ்சு இறுக்கம், தோள்வலி, வியர்வை, மிகு மூச்சுத் திணறல் தோன்றினால் அது சளியால் என்று கஷாயம் காய்ச்சிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். நெஞ்சுச் சளிக்குத் தரப்படும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்னும் கிருமிக்கொல்லிகள் சிம்வாஸ்டாட்டினோடு சேரக்கூடாதவை. சேர்ந்தால் மாத்திரையின் வீரியம் இரத்தத்தில் பன்மடங்கு ஏறி, தசைகள் சிதைய நேரிடும். அட்டோர்வாஸ்டாட்டினோடும் எச்சரிக்கை தேவை. கொரோனாவுக்குத் தரப்படும் நிர்மட்ரெல்விர்-ரிட்டோனாவிர் மருந்துக்கும் இது பொருந்தும். அச்சில நாட்களுக்குக் கொழுப்பு மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ மருத்துவரே சொல்வார். அவர் சொல்வதற்கு, நாம் என்னென்ன உட்கொள்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரை அட்டைகளை ஒரு பையிலிட்டு உடன் கொண்டுபோவது எளிது. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் இருமல் மருந்து கேட்போர்க்கு இவ்வாய்ப்பு இல்லை.

தடுப்பூசியைப் பற்றிய ஆய்வொன்றும் இதயத்தைச் சார்ந்ததே. வங்காளதேசம் உள்ளிட்ட எட்டு நாடுகளில் 2,571 பேருக்கு, மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்ற மூன்று நாளுள், சிலருக்கு இன்ஃபுளுவென்சாத் தடுப்பூசியும் சிலருக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டனர். 2021இல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் தடுப்பூசி பெற்றோரில் 2.9 விழுக்காட்டினரும் உப்புநீர் பெற்றோரில் 4.9 விழுக்காட்டினரும் இறந்தனர். சுவாசக் கிருமியைத் தடுத்தது இதயத்தைக் காத்தது. இத்தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டியது. கிருமி உருமாறுவதால் சென்ற ஆண்டு போட்டது இவ்வாண்டுக்குப் போதாது. இதய நோயும் நீரிழிவும் உள்ளோர் தம் மருத்துவரிடம் இதனைக் கேட்டறியலாம்.

காய்ச்சலின்போது எடுத்த கொலஸ்ட்ரால் கணக்கை நம்பி மருந்தின் அளவைக் குறைத்துக்கொள்வதும் கூடாது. நோய் நீங்கி ஆறு வாரமேனும் சென்றபின், நன்றாக உண்டு நடமாடும் காலத்தில் மீண்டும் ஒருமுறை இரத்தம் கொடுத்துப் பார்த்தால் உண்மை எண் தெரியவரும். அப்பொழுது பழைய சீட்டையும் புதிய சீட்டையும் சேர்த்தே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.